கம்ப்யூட்டரைச் சுவரிலேயே அணைக்க எந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு மதிப்பீடு

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு, அறை விளக்கையும் அணைத்துவிட்டு, கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கும். சில மதர்போர்டுகளில் மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம்கூட அணையாது. மெஷின் நின்றாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபினெட்டுக்குள் கரண்டு கொடுக்கும் பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் ஓடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். கேபினெட்டின் முன்னால் இருக்கும் பட்டன் கரண்டை வெட்டுவதில்லை, மதர்போர்டுக்குச் சைகை கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கரண்டு உண்மையில் நிற்பது சுவர் சுவிட்சிலோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சின்னச் சுவிட்சிலோதான். கடைசியில் சொன்னதற்குக் கை எட்டாது. பழைய வீடுகளில் சுவர்ப் பாயிண்ட் பீரோவுக்குப் பின்னால் போயிருக்கும். ஆகவே தினமும் அணைக்க வேண்டிய சுவிட்ச், நடைமுறையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்ச்தான்.

கடையில் பாக்ஸ் வாங்கும்போது எல்லோரும் முதலில் எண்ணுவது எத்தனை சாக்கெட் என்று. எங்கள் கணக்கில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. சுவிட்ச் எப்படிப்பட்டது, சாக்கெட்டின் பிடி எப்படி, ஒயர் எவ்வளவு தடிமன், எர்த் உண்மையிலேயே வருகிறதா என்ற நான்கையும் வைத்தே கீழே ஒவ்வொரு வகையையும் எடை போட்டிருக்கிறோம்.

அதற்கு முன் கரண்டு பில் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நமக்கு மீட்டர் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இருபத்துநான்கு மணி நேரமும் இழுக்கும் 1 வாட், 60 நாளில் 1.44 யூனிட் ஆகும். ஷட் டவுன் ஆன டெஸ்க்டாப் 1 முதல் 3 வாட் இழுக்கும். இப்போதைய எல்இடி மானிட்டர் அரை வாட்டை ஒட்டி. இன்க்ஜெட் பிரிண்டர் ஒரு வாட் அளவில். ஆச்சரியப்படுத்துவது பழைய 2.1 ஸ்பீக்கர் செட். பலவற்றில் ஆன்-ஆஃப் குமிழ் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிந்தைய பக்கத்தில் இருப்பதால், குமிழைத் திருப்பி அணைத்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகவே இருக்கும். கை வைத்தாலே தெரியும். 5 வாட் வரை அது ஒன்றே தின்னும். மொத்தம் 8 வாட் என்று வைத்து, நாளுக்கு 16 மணி நேரம் சும்மா கிடந்தால், இரண்டு மாதத்தில் 7.7 யூனிட் வருகிறது. பில்லில் இது பெரிய தொகை ஆகாது. ஆனால் 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு இந்த ஏழெட்டு யூனிட் முக்கியம். 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் அல்லாமல் கீழ்த்தட்டில் உள்ள யூனிட்டுக்கும் சலுகை விலை போய்விடும். பத்து மெஷின் வைத்திருக்கும் டைப்பிங் சென்டர், இ-சேவை மையம், டிடிபி கடைகளுக்கு மெஷினுக்கு 4 வாட் என்று போட்டாலும், பூட்டிக் கிடக்கும் 14 மணி நேரத்தில் இரண்டு மாதத்துக்கு 33 யூனிட்டுக்கு மேல். கடை இணைப்புக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது.

மெஷினை ஷட் டவுனே செய்யாமல் இரவு முழுக்க ஓடவிடுவது வேறு கதை. சும்மா ஓடும் டெஸ்க்டாப் 50 வாட் இழுத்தால், 14 மணி நேரம் வீதம் 60 நாளில் 42 யூனிட். முதலில் நிறுத்த வேண்டிய பழக்கம் அதுதான்.

நம் மாவட்டத்தில் மெஷினைச் சுவர்க் கரண்டிலிருந்து பிரித்து வைப்பதற்கு பில்லைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று இடி மின்னல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் தொடும் மாவட்டம் இது. சித்திரை வைகாசியில் மத்தியானத்துக்குமேல் மலைப்பக்கம் கறுத்து வரும் கோடை மழையும், ஐப்பசி கார்த்திகை மழையும் இடியோடுதான் வரும். குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாவது, போன கரண்டு திரும்பி வருகிற நேரம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அப்படிப் போன லைன் ஒரே மூச்சில் சீராகத் திரும்புவதில்லை. வரும், போகும், குறைந்த வோல்டேஜில் தள்ளாடும், திடீரென்று ஏறும். சாதாரண மழைநாளிலும் சிறிய அளவில் இதுவே நடக்கிறது. பாக்ஸின் சுவிட்ச் அணைந்திருந்தால் அந்த ஆட்டம் எதுவும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைப்பது மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. வீட்டுச் சுவிட்ச் வெட்டுவது ஃபேஸ் ஒன்றைத்தான். நியூட்ரலும் எர்த்தும் மெஷினோடு சேர்ந்தேதான் இருக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி, பக்கத்தில் விழுந்த மின்னலால் ஒயரில் எழும் வோல்டேஜுக்கு ஒரு தடையே இல்லை. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். அதோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இணைப்புதானே, கண்ணாடி இழையில் கரண்டு வராதே என்று விடுகிறார்கள். இழையில் வராது, சரிதான். ஆனால் இழை வந்து சேரும் நெட் பெட்டியின் அடாப்டர் இன்னொரு பாயிண்டில் செருகியிருக்கிறது. அங்கே ஏறிய வோல்டேஜ் நெட்வொர்க் கேபிள் வழியாக மதர்போர்டுக்கு வரும். மின்னலுக்குப் பிறகு மெஷின் ஓடுகிறது, நெட் மட்டும் வரவில்லை என்று சர்வீஸுக்கு வருபவற்றில் பலவும் இந்த வழியில் போனவைதான்.

இனி பாக்ஸுகளுக்கு வருவோம்.

மலிவான, எந்தப் பிளக்கும் போகும் யுனிவர்சல் சாக்கெட் கொண்ட பாக்ஸ். பேருந்து நிலையத்தைச் சுற்றிய கடைகளில் தொங்குவது இதுதான். கம்ப்யூட்டருக்கு வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு. உள்ளே திறந்து பார்த்தால் காரணம் புரியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று மெல்லிய தகடுகள் ஓடும். சாக்கெட்டுக்கு எனத் தனியாக ஸ்பிரிங் பிடி கிடையாது. தகட்டையே அந்தந்த இடத்தில் வளைத்து விட்டிருப்பார்கள். உருண்டைப் பின், தட்டைப் பின் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் எதையும் இறுக்கிப் பிடிக்காது. பல முறை செருகி எடுத்த பிறகு பிளக் ஆட ஆரம்பிக்கும். ஆடும் இடத்தில் தொடர்பு அரைகுறை. அங்கே அரை ஓம் தடை ஏற்பட்டு 2 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 2 வாட் சூடு. பிளாஸ்டிக் மஞ்சளித்து, பிறகு பழுப்பாகி, பின்னைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும். மாஸ்டர் சுவிட்ச் சிவப்பாக எரிவதைப் பார்த்து ஸ்பைக் கார்டு, அதாவது திடீரென்று ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் பாக்ஸ், என்று நம்பிவிடக் கூடாது. பலவற்றில் ஸ்பைக்கைத் தடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது.

ஒரே மாஸ்டர் சுவிட்ச் உள்ள, ஓரளவு பேர் பெற்ற கம்பெனியின் ஸ்பைக் கார்டு. இது பரவாயில்லை, மெஷின், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்று மட்டும் இருந்தால் போதுமானதும்கூட. அணைக்க ஒரே தட்டு, அதுவே இதன் பலம். நெட் பெட்டியையோ சிசிடிவி ரெக்கார்டரையோ இதில் செருகிவிட்டால் அதே பலம் பலவீனம் ஆகிவிடும். வீட்டில் யாருக்கோ வைஃபை வேண்டும் என்பதால் பாக்ஸை யாரும் அணைக்கவே மாட்டார்கள். நெட் பெட்டிக்குத் தனிப் பாயிண்ட் இல்லாத வீட்டில் இந்த வகை வாங்கிப் பயனில்லை.

உள்ளே நீல நிறத்தில் காசு அளவில் வட்டமாக இருக்கும் வேரிஸ்டர்தான் இதன் உயிர். நல்லதில் மூன்று இருக்கும்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில். வோல்டேஜ் எல்லை மீறி ஏறும்போது தன் வழியாக வடித்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். ஒருநாள் வெடித்தோ கருகியோ போகும், அதன்பின் பாக்ஸ் வெறும் எக்ஸ்டென்ஷன்தான். கரண்டு மட்டும் பழையபடி வந்துகொண்டிருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. ஆகவே பாதுகாப்பு உயிரோடு இருக்கிறது என்று காட்டும் தனி விளக்கு உள்ள மாடலை மட்டும் வாங்குங்கள். அட்டையில் ஜூல் அளவு, அதாவது எவ்வளவு பெரிய அடியைத் தாங்கும் என்ற கணக்கு, போட்டிருக்க வேண்டும். அதுவும் போடாமல் ஸ்பைக், சர்ஜ் என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச் உள்ள பாக்ஸ். ரெடிமேடில் எங்கள் தேர்வு இதுதான். பிரிண்டரை வேண்டும்போது மட்டும் போடலாம், ஸ்பீக்கரைத் தனியே நிறுத்தலாம், நெட் பெட்டியை விட்டுவிட்டு மற்றதை அணைக்கலாம். குறை ஒன்று: இந்தச் சின்னச் சுவிட்சுகள் நோஞ்சான்கள். எஸ்எம்பிஎஸ் குளிர்ந்து கிடந்து சுவிட்ச் போடும் நொடியில், காலியாக இருக்கும் கண்டென்சர் நிரம்புவதற்காகச் சில மில்லி நொடிக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். சுவிட்சுக்குள் 'சட்' என்று ஒரு பொறி. தினமும் ஒரு தடவை என்றாலும், பொறி விழுந்து விழுந்து முனை குழிவிழும். ஒன்று ஒட்டிக்கொண்டு அணையாமல் நிற்கும், இல்லையேல் போட்டாலும் கரண்டு வராது. மெஷின் செருகிய சாக்கெட்டின் சுவிட்ச்தான் முதலில் போகும் என்பதற்கு இதுவே காரணம். அணைத்த உடனே மறுபடி போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் முதல் இழுப்பைத் தடுக்கும் தெர்மிஸ்டர் ஆறுவதற்குள் போட்டால் இழுப்பு இன்னும் பெரிதாக இருக்கும். அரை நிமிஷமாவது விட்டுப் போடுவது நல்லது.

வைஃபை ஸ்மார்ட் பிளக். போனிலிருந்து அணைக்கலாம், நேரம் வைக்கலாம். இந்த வேலைக்கு நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அது விழித்திருக்கவே ஒரு வாட் அளவுக்கு இழுக்கிறது, மிச்சப்படுத்தப் பார்த்ததில் ஒரு பங்கு அங்கேயே போகிறது. ஷட் டவுன் முடிந்ததா என்று அதற்குத் தெரியாது. விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கும்போது நேரம் வந்தால் வெட்டிவிடும். ஸ்பீக்கருக்கோ பிரிண்டர் அல்லாத வேறு சாதனத்துக்கோ வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளும் பாக்ஸ். செலவு ரெடிமேடைவிடக் கூடும், ஒரு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆனாலும் கடலோரத்தில் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்று சொல்வோம். கோட்டாறு, வடசேரி, மார்த்தாண்டம் எலக்ட்ரிக்கல் கடைகளில் எல்லாம் கிடைக்கும் சாமான்தான். 12 மாட்யூல் வெளிப்பெட்டி ஒன்று (ஒரு சின்னச் சுவிட்ச் பிடிக்கும் இடம் ஒரு மாட்யூல்). 6 ஆம்பியர் சாக்கெட் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு மாட்யூல், ஆக ஆறு. அதற்கான 6 ஆம்பியர் சுவிட்ச் மூன்று. இண்டிகேட்டர் ஒன்று. ஏசிக்குப் போடும் 32 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் ஒன்று, இரண்டு மாட்யூல் அளவுள்ளது. கூட்டினால் சரியாக 12. ஆங்கர், ஜிஎம், கோல்டுமெடல் எதுவாகவும் இருக்கட்டும், பிளேட்டும் உள்ளே போகும் சுவிட்சும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருந்தால்தான் பொருந்தும்.

டபுள் போல் என்று வலியுறுத்துவதற்குக் காரணம், அது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும். பழைய வயரிங்கில் பாயிண்டுக்குப் பாயிண்ட் ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடப்பது சாதாரணம். எர்த் துளை மேலே இருக்கும்படி சாக்கெட்டைப் பார்த்தால் வலது பக்கம் ஃபேஸ் இருக்க வேண்டும். மாறியிருந்தால், சாதாரணச் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை. மெஷின் அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே முழு வோல்டேஜ் நிற்கும். டபுள் போலில் அந்தப் பிரச்சினை இல்லை. ரெடிமேட் பாக்ஸிலும் சிலவற்றில் மாஸ்டர் சுவிட்ச் இப்படி இருப்பதுண்டு. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், மாஸ்டர் சுவிட்சில் நான்கு முனை இருந்தால் இரண்டையும் வெட்டுகிறது, மூன்றுதான் என்றால் ஒன்றை மட்டும். அதற்காகக் கடைக்காரர் முன்னால் திறக்க முடியாதுதான். ஆனால் ஒரே மாடலைத் திரும்பத் திரும்ப விற்கிற கடையில் கேட்டால் சொல்வார்கள்.

பாக்ஸ் செய்பவரிடம் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிள் ஒயர் 1 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், நீளம் தேவைக்கு மட்டும். உள்ளே ஓடும் இணைப்பு ஒயரும் அதற்குக் குறையாமல். வெளியிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் முதலில் டபுள் போலுக்குப் போய், அங்கிருந்துதான் மற்றவற்றுக்குப் பிரிய வேண்டும். எர்த் ஒயர் மூன்று சாக்கெட்டின் எர்த் முனையிலும் திருகில் இறுக வேண்டும், முறுக்கி டேப் சுற்றும் வேலை ஆகாது. ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் இழுத்தால் வராதபடி கிளிப் வேண்டும். இழுப்பு எல்லாம் திருகின் மேல் விழுந்தால் முதலில் கழன்று வருவது பெரும்பாலும் எர்த்தாக இருக்கும், அது கழன்றதே தெரியாது.

இந்தப் பெட்டியில் வேரிஸ்டர் கிடையாது, அது ஒரு குறைதான். வீட்டின் மெயின் போர்டிலேயே, ஏறி வரும் வோல்டேஜை வடித்துவிடும் சர்ஜ் அரெஸ்டர் வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் மட்டுமல்ல, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் குறை தீரும். புது வீடு கட்டுகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

எது வாங்கினாலும் கடையில் நின்றபடியே பார்த்துவிடக் கூடியவை உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையின் தலைமேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஐஎஸ் 1293 என்றால் பிளக், சாக்கெட்டுக்கான தரம். ஐஎஸ் 3854 சுவிட்சுக்கு. ஐஎஸ் 694 ஒயருக்கு. பல பாக்ஸ்களில் முத்திரை ஒயரில் மட்டும்தான் இருக்கும், அட்டையில் ஐஎஸ்ஐ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 694 மட்டும் கண்ணில் பட்டால், ஒயர் நல்லது, சாக்கெட்டுக்கு யாரும் உத்தரவாதம் சொல்லவில்லை என்று அர்த்தம். முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். அடுத்து, ஒரு சிறிய காந்தம். பிளக் பின்னில் வைத்தால் ஒட்டக் கூடாது. பித்தளை ஒட்டாது, முலாம் பூசிய இரும்பு ஒட்டும். மூன்றாவது, பிளக் ஒன்றைச் செருகி, பிளக்கைப் பிடித்தபடி பாக்ஸைத் தூக்கிப் பாருங்கள். நழுவி விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி என்று கடலைப் பார்த்த வீடுகளில் இந்தக் காந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம். உப்புக் காற்றில் இரும்புத் தகடு முலாம் உரிந்து துரு பிடிக்கும். பித்தளையும் தப்பாது, அதில் பச்சைக் களிம்பு ஏறும். ஆனால் களிம்பு மேலாகத்தான் படியும், துடைத்தால் போகும். துரு அரித்துத் தின்னும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாக்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பிளக் பின்களை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தூசியைப் பிடித்து வைத்துச் சாக்கெட்டுக்குள் கொண்டுபோகும், வேண்டாம். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் கரண்டு இல்லாதபோது அடித்து, நன்றாகக் காய்ந்தபின் போடலாம். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் ஆடிக் காற்றில் வரும் தொல்லை தூசி. பயன்படாத சாக்கெட்டில் ஷட்டர் உள்ள பாக்ஸ் அங்கே நல்லது. ஷட்டர் இருந்தால் எறும்பும் உள்ளே கூடு வைக்காது.

பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். துடைக்கிற தண்ணீர், மழைக்காலத்துத் தரை ஈரம், கால் தட்டுவது எல்லாம் அங்கேதான். பின்பக்கம் சாவித்துளை போன்ற ஓட்டை இருக்கும். இரண்டு திருகு அடித்து மேசையின் பக்கவாட்டில், உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில் மாட்டினால், அணைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். குனிந்து தேட வேண்டிய சுவிட்சை ஒரு வாரத்துக்குமேல் யாரும் அணைப்பதில்லை.

எர்த் விஷயம். கேபினெட்டின் இரும்பில் புறங்கை பட்டால் சுரீர் என்று எறும்பு கடித்தாற்போல் இருந்தால் எர்த் வரவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு கண்டென்சர் போகும். எர்த் இல்லாதபோது கேபினெட்டின் உடல் கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். வருகிற கரண்டு மிகக் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. ஆனால் அதே நிலையில் யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ கேபிள் செருகினால் போர்ட்டுகள் போகலாம். ஸ்பைக் கார்டில் இருக்கும் மூன்று வேரிஸ்டரில் இரண்டுக்கு எர்த் இல்லாமல் வேலையே இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளைப் பாயிண்ட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வெட்டுக்கல் பூமியில் குழி போட்டிருந்தாலும் கோடையில் மண் வறண்டு எர்த் வலுவிழக்கும். பங்குனி சித்திரையில் வாரம் ஒருமுறை எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நல்ல மாற்றம் தெரியும்.

அணைக்கும் முறைக்கு வருவோம். ஸ்லீப்பில் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால், ரேமில் இருந்ததெல்லாம் போகும், சேமிக்காத வேலையும் அதோடு. ஷட் டவுன்தான் கொடுக்க வேண்டும். திரை கறுத்ததும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். முன்விளக்கு அணைந்து, ஃபேன் நின்று, ஹார்ட் டிஸ்க்கின் இரைச்சல் அடங்கும் வரை பொறுக்க வேண்டும். அதன்பின் ஒரு பத்து நொடி விட்டு அணைத்தால் போதும். அப்டேட் ஓடுகிறது என்று திரை சொன்னால், எவ்வளவு நேரமானாலும் கை வைக்கக் கூடாது.

இன்க்ஜெட் பிரிண்டரை அதன் சொந்தப் பட்டனால் அணைத்துவிட்டு, உள்ளே ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிமேல் உட்காரும் சத்தம் கேட்ட பிறகே பாக்ஸின் சுவிட்ச். நேராகச் சுவிட்சைத் தட்டினால் ஹெட் நடுவில் திறந்தபடி நிற்கும், மை காய்ந்து துளை அடைக்கும். அடிக்கடி அணைத்துப் போடுவதும் நல்லதில்லை. பல மாடல்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் ஹெட்டைக் கழுவ மை செலவழிக்கும். நாளில் நாலு தடவை பிரிண்ட் எடுப்பவர்கள் பகல் முழுக்க விட்டுவிடலாம்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சுவர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யுபிஎஸ்ஸோ கரண்டு போய்விட்டதாக நினைத்துப் பேட்டரியில் ஓட ஆரம்பித்து, கூவிக் கூவி பேட்டரியைக் காலி செய்துவிட்டு அடங்கும். 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி. அடிமட்டம் வரை இறங்கி அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து சீக்கிரம் செத்துவிடும். யுபிஎஸ் இருந்தால் முறை வேறு: மெஷினை ஷட் டவுன் செய்து, யுபிஎஸ்ஸின் பட்டனை அணையுங்கள். சுவர் சுவிட்ச் போட்டபடி இருக்கட்டும், பல மாடல்கள் பட்டன் அணைந்திருந்தாலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். சில வாட் செலவாகும், புதுப் பேட்டரியின் விலைக்கு அது ஒன்றுமில்லை. இடி வந்தால் மட்டும், பட்டனை அணைத்தபின், பிளக்கைப் பிடுங்குங்கள். யுபிஎஸ்ஸின் அவுட்புட்டில் ஸ்பைக் கார்டைச் செருக வேண்டாம், யுபிஎஸ்ஸை நேராகச் சுவரில் செருகுவதே சரி.

தினமும் சுவரில் அணைப்பவர்களுக்கு ஒரு செலவு முன்கூட்டி வரும். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி. ஸ்டாண்ட்பை கரண்டு இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு, சுவரில் அணைத்தால் கடிகாரத்தை முழுக்க அதுவே சுமக்கும். அது தீர்ந்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், உடனே பேங்க் தளமும் இ-சேவைத் தளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். பிரவுசர் கெட்டுவிட்டது, நெட் சரியில்லை என்று அலைவதற்குமுன் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பேட்டரி சில பத்து ரூபாய்க்குள்தான், பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போட வேண்டும். மாற்றியதும் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள்: கரண்டு திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு அணைந்தே இருக்கும்படி இருக்க வேண்டும். மாறிக் கிடந்தால், காலையில் பாக்ஸின் சுவிட்சைப் போட்ட நொடியே மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும்.

பாக்ஸை எப்போது மாற்றுவது? பிளக் ஆடுவது, சுவிட்ச் போடும்போது சரசரக்கும் சத்தம், அரைமணி ஓடியபின் பிளக்கைத் தொட்டால் சூடு, மீன் அழுகியதுபோல் ஒரு வாடை, பாதுகாப்பு விளக்கு அணைந்திருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். தூக்கிப் போடுவதற்குமுன் பிளக் ஒயரை அடியோடு வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால், மாடியிலோ மோட்டார் அறையிலோ யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.